மாமா மட்டும் வாங்கிய காற்று

பதினோரு கிலோமீட்டர் பயணத்துக்காக ஒரு வேனையே வீடாக மாற்றியவர் எங்கள் மாமா. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு சினிமாக் கதையைப் பாதி சொல்வதற்குள் இறங்கிவிடலாம். அதற்குப் போய்க் கட்டில், டேபிள் ஃபேன், ட்யூப்லைட், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, அந்த வேனில் போகப்போகிறவர்களில் நானும் ஒருத்தி.

மாமா அம்மாவின் அண்ணன். பஞ்சு மில்லில் ஃபிட்டர். எங்களுக்கு அடுத்த வீடு. அவர் மனைவியான அத்தை மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. புழுக்கம் வந்தால் மூச்சுத் திணறும். அவள் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரோடும் வீதிக்குப் பக்கத்துச் சந்தில். கல்யாணமாகி வந்த பிறகும் ஆடிப்பூரத் தேருக்குப் போகாமல் இருந்ததில்லையாம். இப்போது பிறந்த வீடும் கைமாறிவிட்டது. ஒவ்வோர் ஆடியிலும், தேர் பார்த்துத் திரும்பியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"தேரு நிலைக்கு எப்ப வந்துச்சு?"

பதிலைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதை மாமாவால் தாங்க முடியவில்லை.

தேர் நாளில் வண்டியைக் காலையிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். பிறகு கூட்டம் கலையும்வரை ஒரு அங்குலம் நகர்த்த முடியாது. தேர் எப்போது எந்த முனை திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை நேரமும் தகரக் கூட்டுக்குள் அத்தை கிடக்க வேண்டுமென்றால் ஃபேன் ஓடியாக வேண்டும். அதனால்தான் மாமா, பாண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன் ஒன்றைப் பிடித்து, மைக்செட்காரர் ஒருவரிடமிருந்து ஜெனரேட்டரையும் கொண்டுவந்தார்.

ஜெனரேட்டரைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வெளியே வைத்தால் மழையில் நனையும், எவனாவது தூக்கிக்கொண்டு போவான் என்பது அவர் கணக்கு. புகைக்குழாயை வேனின் தரையில் ஓட்டை போட்டுக் கீழே இறக்கிவிட்டார். மிச்சமிருந்தது சத்தம். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் பஞ்சிலும் பாண்டேஜ் துணியிலும் பிழைக்கும் எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. ஒரு மரப்பெட்டிக்குள் ஜெனரேட்டரை இறக்கி, சுற்றிலும் மில்லின் கழிவுப் பஞ்சைத் திணித்து, பாண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும் ஆளைப்போல அது கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெள்ளோட்டம். வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. ஓடப்போவது ஜெனரேட்டர் மட்டும்தான். நானும் என் அண்ணனும் கட்டிலில் ஏறி உட்கார்ந்தோம். வெளியே காற்று மண்ணை வாரி இறைத்ததால் ஜன்னல்களை அடைத்துவிட்டோம். ஃபேன் சுற்றியது. மகாராணிகூட இப்படி இருந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் தலையை வலித்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் திடீரென்று வாந்தி எடுத்தான். காலையில் அவன் அளவில்லாமல் தின்ற சீனிக்கிழங்குதான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்வதற்குள் பஞ்சு கருகும் வாடை வந்தது. அம்மா கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்து, எங்கள் இருவரையும் இழுத்துத் தெருவில் போட்டாள்.

மாமா ஜெனரேட்டரை அணைத்து, கருகிய பஞ்சை வாரி வெளியே எறிந்தார். "லேசாத்தான் கருகியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. கொழாய்தான் வெளிய போகுதே" என்றார்.

அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மலைத் தோட்ட வேலைக்குப் போயிருந்ததாம். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

"கண்ணுக்குப் புகை தெரியலன்னா புகையே இல்லன்னு ஆயிருமா அண்ணே? தூக்கம் வாரது மாதிரி வந்து ஆளை முடிச்சிரும். இதுக எறங்கி ஓடிரும். மதினி எந்திரிச்சு ஓடுவாகளா?"

மாமா அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் அந்த வேன் பக்கமே போகவில்லை. தேர் அவ்வளவுதான் என்று நான் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

மூன்றாம் நாள் தகரம் வெட்டும் சத்தம் கேட்டது. வேனின் பின்பக்கம், வெளியே, சட்டத்தோடு சேர்த்து ஓர் இரும்புப் பெட்டி முளைத்தது. அதற்குக் கதவு தெருப்பக்கம் மட்டும். காற்றுப் போக வரக் கீற்றுக் கீற்றாய்த் திறப்புகள். பெட்டிக்கும் வேனுக்கும் நடுவே முழுத் தகரம். தரையில் முன்பு போட்ட ஓட்டையும் அடைபட்டது. பஞ்சு ஒரு இழைகூடக் கிடையாது. புகைக்குழாய் வேனின் வாலைத் தாண்டி நீண்டு, ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. பெட்ரோல் டின் வேனுக்குள் ஏறவே கூடாது, ஜெனரேட்டரை அணைத்து ஆறவிட்ட பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும், ஜன்னல் இரண்டு எப்போதும் திறந்திருக்க வேண்டும். சட்டம் போட்டவள் அம்மா. மில்லில் நாலு பேருக்கு வேலை சொல்லும் மாமா, தங்கையின் சட்டத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு, ஓடாமல் நின்ற ஜெனரேட்டரிலிருந்து பெட்ரோலை முழுக்க எடுத்த பின், அம்மா தூபக்காலில் கனலெடுத்துச் சாம்பிராணி போட்டு அதன் பெட்டிக்குள் வைத்தாள். ஜெனரேட்டருக்குப் பூஜை என்று நினைத்து நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். அம்மாவோ கும்பிடவில்லை. வேனுக்குள் ஏறி, தரையோரமாக நாய்க்குட்டிபோல மோந்துகொண்டே வந்தாள். கட்டில் காலுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணே, இங்கன வருது."

துருப்பிடித்து விழுந்த ஒரு துளை. சுண்டுவிரல்கூட நுழையாது. மாமா அதன்மேல் தகரம் வைத்துப் பற்றவைத்தார். மறுபடி சாம்பிராணி. மறுபடி இன்னொரு துளை. மூன்றாவது தடவைதான் உள்ளே வாசனை இல்லை. பூஜை மூன்று முறை நடந்தும் ஒரு தடவைகூடச் சுண்டல் தரவில்லை என்பது என் வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் மறுநாள் வந்தது. அத்தை தூங்கிய நேரம் பார்த்து, மாமா வேனுக்குள் தனியாக ஏறினார். ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டார். ஜெனரேட்டர் ஓட, ஃபேனைப் போட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டார். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். அம்மா என் காதைத் திருகி வாசலில் உட்கார வைத்தாள். அவள் கதவுக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் இருந்த கரண்டியால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தகரத்தில் தட்டினாள். உள்ளிருந்து மாமா இரண்டு தட்டுத் தட்டினார். ஒருமுறை பதில் தட்டு வரத் தாமதமானது. அம்மா கதவைத் திறந்தே விட்டாள். "இருக்கேன் ஏட்டி, செத்த கண்ணசந்துட்டேன். தலவலி ஒண்ணுமில்ல" என்று மாமாவின் குரல் வந்தது. கதவை மூடி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் பெரியவர்கள் இருவரும் விளையாட, நான் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

தேர் நாள் வந்தது. பின்பக்கம் காலி இடமாகப் பார்த்து, பக்கக் கதவு தேர் வீதியைப் பார்க்கும்படி வேனை நிறுத்தினார் மாமா. அதைத் திறந்தால் அத்தைக்குப் படுத்தபடியே வீதி தெரியும். ஜன்னல் திறந்திருந்தது, ஃபேன் ஓடியது. காலையிலிருந்து அத்தைக்கு ஒருமுறைகூட மூச்சுத் திணறவில்லை. மதியம் தாண்டி, கோவிந்தா முழக்கம் தூரத்தில் கேட்டதும் மாமா இறங்கிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார். தேர் வரும் ஓசையை அத்தை கேட்க வேண்டுமாம். ஃபேன் நின்றது. எனக்கு வேர்த்து ஊற்றியது. அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"மாமா மட்டும் அன்னைக்கு ஜன்னலெல்லாம் அடைச்சுப் போட்டு ஒத்தையில ஃபேன் காத்து வாங்குனாக அத்தை! நீங்க தூங்கும்போது. ஒரு மணி நேரம்! அம்மா தட்டிக்கிட்டே காவல் இருந்துச்சு. என்னைய ஏறவே விடல."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கையைத் துடைத்தபடி ஏறி வந்தார். வீதி முனையில் தேரின் உச்சி அசைந்து அசைந்து தெரிந்தது; ஊரே அந்தப் பக்கம் கும்பிட்டது. நான்கு வருடம் காத்திருந்த அத்தை மட்டும் தேரைப் பார்க்காமல் மாமாவையே பார்த்தாள். அவருடைய பெட்ரோல் வாடைக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"ஏதாவது ஆயிருந்தா?" என்றாள்.

மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தேரு வருது, அங்க பாரு" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு நல்லா வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் காற்று வாங்கியதற்கு அத்தையிடம் சரியாக மாட்டிக்கொண்டார். அந்தத் திருப்தியோடு நான் தேர்ப்பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டேன்.