உச்சிவெயிலில் பழனிப் படி

பழனிக்குப் போக எது நல்ல நேரம் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: உச்சிவெயிலில் மட்டும் போகாதீர்கள். நாங்கள் முதல்முறை போனது உச்சிவெயிலில்தான். அதைப்போல ஒரு நல்ல நேரம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை என்பது வேறு கதை.

அறுபதுகளின் தொடக்கம். என் கணவர் மதராஸில் குமாஸ்தா. ஒருநாள் ஆபீஸிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அது கழன்று விழுந்ததே அவருக்குத் தெரிந்தது. பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

டாக்டர் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரித்தார். மனிதர் கம்பஞ்சோற்றில் வளர்ந்தவர். உத்தியோகம் கிடைத்த அன்றே அதைத் தலைமுழுகியவர். மில்லில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டி, பூப்போலப் போட வேண்டும். மற்ற வேளைக்குப் பன்னும் காபியும். "தவிட்டோடு சத்தும் போய்விட்டது. மாத்திரை தருகிறேன். லீவு போட்டுவிட்டுக் கம்பும் பயறும் கிடைக்கிற ஊரில் ஒரு மாதம் இருங்கள். இப்படியே விட்டால் நடக்க முடியாமல் போகும்" என்றார். அன்றே என் அக்காவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

எழும்பூரில் மாலை ரயிலேறி, விடிந்ததும் திண்டுக்கல்லில் இறங்கினோம். பழனி பஸ்ஸில் எட்டு மைல் போனால் ரெட்டியார்சத்திரம். டிக்கெட் ஆளுக்கு நாலணா. அங்கிருந்து என் அக்கா பொன்னுத்தாயின் ஊருக்கு மாட்டுவண்டி. அக்காவின் கணவரே, அதாவது அத்தானே, ஓட்டி வந்திருந்தார். வண்டி மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பாறைக்களத்தில் போய் நின்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. என் கணவர் வெறுங்காலோடு இறங்கி நின்று, தூரத்து மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

"சகலை, பாறை கொதிக்கிதுல்ல! நெழலுக்கு வாங்க!" என்று அத்தான் கத்தினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் இவர். உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் இலையில் வெள்ளைவெளேரென்று மில் அரிசிச் சோறு. எங்களுக்காகவே திண்டுக்கல்லுக்கு வண்டி விட்டு வாங்கி வந்ததாம். கூடத்தில் எங்களுக்கு அது. அடுப்படியில் அவர்களுக்குக் கம்பங்களி. "அக்கா, அந்தக் களிதான் இவருக்கு மருந்து" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"போடி! மொதமொத வந்த மனுசருக்குக் களியப் போட்டேன்னா ஊரு சிரிக்காதா? செத்த நேரம் இரு, அப்பளம் பொரிச்சுத் தாரேன்."

இவருக்கு ஏகக் கொண்டாட்டம். மருந்து தேடி வந்த இடத்தில் நோயையே விருந்தாக வைக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில நாளில் ஒரு வழி தென்பட்டது. அந்த ஊரில் விருந்தாளிக்குத்தான் அரிசிச் சோறு. காட்டு வேலைக்குப் போகிறவர் யாரானாலும், அத்தானே ஆனாலும், காட்டுக்கு வரும் கலயத்தில்தான் பங்கு. "அத்தான், இவருக்குப் பொழுதே போகல. கம்பங்காட்டுல குருவி வெரட்ட வைங்களேன்" என்றேன். அவரும் இவரை மரத்தடியில் உட்கார்த்தி, தட்ட ஒரு தகரத்தைக் கொடுத்தார். பொழுது ஏறியதும் கலயம் வந்தது: மோர் விட்ட கம்பங்கூழ், சின்ன வெங்காயம், தட்டைப்பயறு வெஞ்சனம். இவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவருக்கு வேறு கதி? இன்னொரு சட்டி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ராத்திரி அக்கா அரிசிச் சோற்றை எடுத்தாள். "சகலை இப்ப நம்ம காட்டாளு. அம்புட்டுப் பேருக்கும் களியே போடு" என்றார் அத்தான். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

லீவு முடிந்து, பழனி பார்த்துவிட்டு ஊர் திரும்பக் கிளம்பினோம். ரெட்டியார்சத்திரத்திலிருந்து முப்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் தாமதம்; அடிவாரம் சேரும்போது உச்சிவெயில். ஒரு பஞ்சாமிர்தக் கடையில் செருப்பை விட்டோம். கடைக்காரர், "ஏனுங்க, இந்த வெயில்ல ஏறாதீங்க. பொழுது சாயட்டுங்க" என்றார். சாயங்காலம் ரயிலைப் பிடிக்க வேண்டுமே, ஏறினோம். எல்லாரும் ஓரத்து நிழலுக்குத் தாவித் தாவி ஓடினார்கள். நான் படியைப் பார்க்கவில்லை, இவர் பாதத்தையே பார்த்தேன்.

"ஸ்ஸ்... ஐயோ!" என்று துள்ளினார்.

"என்னங்க?"

"சுடுதுடி!"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? நகரு!" என்று என்னைத் தள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். நான் வெயிலிலேயே நின்று அழுதேன். "நான் அப்பவே சொன்னனுங்களே!" என்று கீழேயிருந்து கடைக்காரர் கூவினார்.

குணப்படுத்தியது மாத்திரையா கம்பா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டையும் விடாமல் கொடுத்தேன். நீங்கள் விடியற்காலையில் ஏறுங்கள். சர்க்கரை வியாதியில் கால் மரத்தவரை அழைத்துப்போனால், அவர் மிதிக்கும் முன் படியை நீங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். கூட வருபவர் சுடுகிறது, சுடுகிறது என்று புலம்பினால் மட்டும் சலித்துக்கொள்ளாதீர்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் உச்சி வரை ஏறினேன்.