மஹ்பூபா அக்காவும் ராவென்னா ராணியும்

எங்கள் கீழ்வீட்டு மஹ்பூபா அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். ஆனால் ஆபத்துக்கு உதவியவள், ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் செத்துப்போன ஒரு ராணி. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

திருமுல்லைவாயிலில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். அக்காவின் வீட்டுக்காரர் ஹபிபுல்லா மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்குள் போகும் பித்தளை புஷ் கடைவது தொழில். கடைந்ததைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவார். அக்கா வெர்னியர் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, தேறாததை ஒதுக்கி, தேறியதை எண்ணெய்த்தாளில் சுற்றி வைப்பாள். பட்டறை வாசலை அவள் மிதித்ததில்லை. ஆனாலும் அங்கே அன்றைக்கு யார் ஒழுங்காக வேலை பார்த்தார்கள், யார் தூங்கி வழிந்தார்கள் என்று புஷ்ஷைப் பார்த்தே சொல்லிவிடுவாள். போன வருடம் மாரடைப்பில் அந்த நல்ல மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

அக்கா இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் கொஞ்சம் மேலே வீட்டோடு இருப்பது அவர்கள் வழக்கம். வெளி ஆண்கள் எதிரே வரமாட்டாள். பட்டறையை ஹபிபுல்லாவின் சித்தப்பா மகன் ஜமீர் பார்த்துக்கொண்டான். புஷ் மட்டும் எப்போதும்போல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் ஜமீர் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி பேச்சை எடுத்தான். கம்பெனிக்காரர்கள் பெண்பிள்ளையிடம் பேசத் தயங்குகிறார்களாம். பட்டறையில் அவன் பெயரையும் பங்குதாரராகச் சேர்த்து எழுதிவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடுமாம்.

"பேரு மட்டும்தான் அண்ணி. மத்ததெல்லாம் உங்க கைலதான் கீது" என்றான். சத்தியமும் செய்தான்.

அக்காவுக்கு மர்வா ஒரே மகள். ஆண்துணை இல்லாமல் எப்படி என்று சொந்தங்கள் ஏற்கெனவே காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கமிருந்து சரி என்று சொல்லிவிட்டாள். இத்தா முடிந்ததும் பத்திரம் என்று முடிவாயிற்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. மாடிவீட்டுச் சரசா இதில் மூக்கை நுழைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மர்வா கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அந்த வாரம் ஆஸ்ட்ரோகாத் என்ற கூட்டத்தின் ராஜாக்களைப் பற்றி அவள் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. அம்மா புஷ் அளக்க, நான் தாளில் சுற்ற, எங்கள் முன் நின்று ஒத்திகை பார்த்தாள்.

முதலில் தியோடரிக் வந்தான். ராவென்னா என்ற ஊரை வளைத்தான், பிடிக்க முடியவில்லை. சரி, இரண்டு பேரும் சேர்ந்து ஆளலாம் என்று அங்கே ஆண்டுகொண்டிருந்த ஓடோவேசரோடு ஒப்பந்தம் போட்டான். அப்புறம் விருந்துக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே அவனை வெட்டிப் போட்டான். அட பாவி, சோறு போட்ட இடத்திலா என்று நான் திட்டினேன். ஆனால் பிறகு முப்பது வருடம் அவன் நன்றாகத்தான் ஆண்டிருக்கிறான். யூதர்களின் தொழுகைக்கூடத்தை ஊர்க்காரர்கள் கொளுத்தியபோது, கொளுத்தியவர்களே கட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டானாம். அதைக் கேட்டு அக்காவுக்கு அவன்மேல் கோபம் பாதி குறைந்தது.

அடுத்து அவன் மகள் அமலசுந்தா. மூன்று பாஷை படித்தவள், புருஷனை இழந்தவள். சின்ன மகனைச் சிம்மாசனத்தில் வைத்து ஆட்சியை இவள் நடத்தினாள். அந்தப் பிள்ளை குடித்தே செத்தான். பெண் தனியாக ஆண்டால் கூட்டம் ஒப்பாது என்று பயந்து, அத்தை மகன் தியோடஹாத் என்பவனைக் கூப்பிட்டாள். பட்டம் உனக்கு, அதிகாரம் எனக்கு என்றாள். அவனும் சத்தியம் செய்தான்.

அக்காவின் கையிலிருந்த வெர்னியர் நின்றுவிட்டது.

கொஞ்ச நாளிலேயே அவன் அவளை ஏரிக்கு நடுவில் ஒரு தீவில் அடைத்தான். அங்கே குளிக்கும் இடத்தில் வைத்துக் கொன்றார்கள். அதையே சாக்காக வைத்து வேற்றுநாட்டுச் சக்கரவர்த்தி ஒருவன் படையெடுத்து வர, இருபது வருடத்தில் அந்த ராஜ்யமே மண்ணோடு மண்ணானது. மர்வா முடித்துவிட்டுக் கைதட்டலுக்காக எங்களைப் பார்த்தாள். அக்கா, அந்தச் சத்தியம் செய்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

இத்தா முடிந்த மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போனாள். பட்டறைக்குள் நுழைந்து, வீட்டுக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜமீர் பத்திரம் பற்றி ஆரம்பித்தான்.

"நீ இல்லாங்காட்டி இந்தப் பட்டறை மூடியிருக்கும் ஜமீரு. சாவுற வரைக்கும் அத மறக்க மாட்டேன். சம்பளத்த ஏத்தித் தரேன், கூடவே இரு. ஆனா பேரு தர மாட்டேன்."

"சரின்னு சொன்னீங்களே அண்ணி."

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

யார் உங்கள் மனதைக் கலைத்தது என்று கேட்டுக்கொண்டே என்னை முறைத்தான். நான் அக்காவின் ஸ்டூலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"சரசா இல்ல. பேரு மட்டும்தான்னு குடுத்தவ ஒருத்தி கீறா. உசுரு போச்சு, அப்பாலிக்கா நாடே போச்சு" என்றாள் அக்கா.

லேத்தில் நின்றிருந்த துலுக்கானம் அண்ணன் அதுவரை மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது மறுபடி ஓட்டினார். ஜமீர் கோபித்துக்கொண்டு போனான், ஒரு வாரம் கழித்து வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இன்றுவரை ஒழுங்காக வேலை பார்க்கிறான். பெயர் கையில் கிடைத்திருந்தால் எப்படி ஆகியிருப்பான் என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

பட்டறை ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் அக்காவிடமே பேசுகிறார்கள், தயக்கம் ஒன்றையும் காணோம். புஷ் சுற்றும் வேலையில் நானும் சேர்ந்துவிட்டேன். என் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் அந்த ராணிக்கு நான் கடமைப்பட்டவள்தான்.

ஹபிபுல்லாவின் வருஷ நினைவுக்குச் சோறாக்கி எல்லோருக்கும் கொடுத்தபோது, அக்கா ஒரு பொட்டலத்தைத் தனியாகக் கட்டினாள். ரயிலடியில் படுத்திருந்த ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அது யார் பேருக்கு என்று கேட்டேன்.

"அந்த ராணி பேருக்கு. அவளுக்கு இன்னா கொறச்சல், மூணு பாஷ படிச்சவ. ஆனா இப்டி ஒருத்தி கதைய அவளுக்கு யாரும் மின்னாடியே சொல்லல சரசா. எனக்குச் சொல்ல எம்பொண்ணு இருந்தா."