முதல் பக்கத்துக் கைநாட்டு

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளிர் குழு ஆரம்பித்த காலத்தில் எங்கள் தெருப் பொம்பளைகளில் முதலில் போடக் கற்றவள் நான்தான். பேங்கில் ஒருத்தன் மை டப்பாவை என் பக்கம் தள்ளினான். அதை அவன் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தில் கடைசி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு போகும். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. அப்படிப் போட எங்கள் தெருவில் இன்னொரு ஆள் கிடையாது.

ஆனால் படிக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாட்டுப் புஸ்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். பக்கத்தில் நிற்கிறவள் தாளைப் புரட்டினால் நானும் புரட்டுவேன். அப்படியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு சாயங்காலம். நான் விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தேன். சிங்கவரம் ரோட்டில் எங்கள் வரிசையில் வீடு வீடாக நின்று கேட்டுக்கொண்டு வந்தாள். புடவையைப் பின் குத்தி இறுக்கிக் கட்டியிருந்தாள், இடுப்பில் ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை.

"ஆயா, இங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருடி ஆயா? தலை நரைச்சா ஆயாவா?"

"சரிங்கம்மா."

"இன்னாத்துக்குத் தேடற? சோறு போடப் போறியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். தளவானூர்ப் பெண். டீச்சருக்குப் படிக்கிறாள். பாடம் நடத்திப் பழகுவதற்காகச் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதோடு, எழுத்து தெரியாத ஒரு ஆளைப் பிடித்து நாற்பது நாள் சொல்லிக் கொடுத்து, அதை ஒரு ரெக்கார்டு நோட்டில் எழுதவேண்டுமாம். முதல் பக்கத்தில் அந்த ஆளின் கைநாட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. கடைசிக் கையெழுத்தைப் பரீட்சைக்கு வருகிற அதிகாரி எதிரிலேயே போட்டுக் காட்டவேண்டும்.

"கேட்டா எல்லாரும் கையெழுத்துப் போடுவேன்றாங்கம்மா. நூறு நாள் வேலைக்குப் போயிப் போயி எல்லாரும் கத்துக்கினாங்க. ஊர்ல ஒரு கைநாட்டு கெடைக்கல."

ஏழாம் கிளாசில் அவள் பாடம் எடுபடவில்லை. போர்டு பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து கோட்டைக் குரங்கு மாதிரி கத்துகிறார்களாம். மேற்பார்வைக்கு வந்தவர் எதிரிலேயே கத்தியிருக்கிறார்கள். அந்த மார்க் போய்விட்டது. இந்த ரெக்கார்டில் நல்ல மார்க் வந்தால்தான் பாஸ்.

"இந்த வருஷம் போச்சுன்னா அவ்ளோதாம்மா. இன்னொரு தபா படிக்க வைக்க எங்க நைனாவால முடியாது."

அவள் தன் கேவலத்தை எடுத்து வைத்தாள் பாருங்கள், அதனாலோ என்னவோ நானும் சொல்லிவிட்டேன். கையெழுத்து உண்டு, படிப்பு இல்லை என்று. உடனே அவள் முகம் மாறியது.

"அப்ப மொதப் பக்கத்துல மட்டும் ஒரு கைநாட்டு வெச்சிடுங்கம்மா. மீதியெல்லாம் நெஜந்தானே?"

எழுந்து போடி என்றேன். போய்விட்டாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் என்னோடு மல்லாட்டை உரித்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டை விரலை நீட்டினேன். அவள் மேல் இரக்கம் என்று சொன்னால் அது பாதிதான். படிக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. மை போகிற வரைக்கும் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

நாலைந்து நாள் அவளுடைய காலேஜ் புஸ்தகத்தில் இருக்கிறபடி அணில், ஆடு என்று போனது. "இன்னாடி இது, பால்வாடியா?" என்றேன். அவள் யோசித்தாள். மறுநாள் என் பாட்டுப் புஸ்தகத்தையே எடுக்கச் சொன்னாள். எனக்கு மனப்பாடமான பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லி, என் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் நகர்த்தினாள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே பாட்டும் நிற்கவேண்டும். வாயில் இருக்கிற சத்தமும் தாளில் இருக்கிற எழுத்தும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. இதை எந்தப் புஸ்தகத்திலும் பார்த்து அவள் செய்யவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கண் சிவந்து வருவாள். என் எதிரில் உட்கார்ந்தால் வேறு ஆள். அதட்டுவாள்கூட.

"இங்க பேசற மாதிரி அங்க பேசேன்டி."

"அங்க நாப்பது பேரு. இங்க நீங்க ஒருத்தர். மூட்டு வலி வேற, எழுந்து ஓட மாட்டீங்க."

நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

முப்பது நாள் தாண்டியிருக்கும். ஒரு ஞாயிறு பூசையில் புதுப் பாட்டு ஒன்று போட்டார்கள். நான் கேட்டதே இல்லாத பாட்டு. மற்றவர்கள் தொடங்குவதற்கு முன்னால் முதல் வரி எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான். ஆனாலும் தெரிந்துவிட்டது. மறுநாள் அவளிடம் சொன்னேன். "என்கிட்ட ஒரு ஆளு படிச்சிடுச்சு" என்று நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். அவள் மனசாரச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் படித்துப் படித்துச் சொன்னாள். "அம்மா, கையெழுத்தை எழுத்து எழுத்தாப் போடுங்க. கோணலா இருக்கட்டும். வால் வேணாம், கோடு வேணாம், புள்ளி வேணாம். நாப்பது நாள்ல கத்துக்கினவங்க அப்படித்தான் போடுவாங்க." நாலு தரம் கோணலாகப் போட்டுக் காட்டினேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பரீட்சை நடந்தது அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கிளாசில். வந்த அதிகாரிக்கு என் மகன் வயசு இருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"பேனாவாவது புடிக்க வருமா இந்தம்மாவுக்கு?" என்று அவளைத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே என் விரலைப் பிடித்துப் பேனாவைச் செருகினார், கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி.

கையை உதறி எடுத்துக்கொண்டேன். போட்டேன். வால், கோடு, ரெண்டு புள்ளி. போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவர் இப்போது நிமிர்ந்தார். கையெழுத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தைப் புரட்டிக் கைநாட்டைப் பார்த்தார். மேஜையிலிருந்த பேப்பரை எடுத்து, "படிங்க" என்றார். ரெண்டு வரி திக்கித் திக்கிப் படித்தேன்.

"படிக்கவும் தெரியுது. ஏம்மா, எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பளையக் கூட்டியாந்து கைநாட்டு வெச்சி எங்களை ஏமாத்தறியா?"

"ஐயா, படிப்பு அவ குடுத்ததுதான். சத்தியமா அவ குடுத்தது."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

அதற்கு என்ன சொல்வது? எனக்கு முன்னாலேயே தெரியும் என்றால் கைநாட்டு பொய். அவள் கொடுத்தது என்றால் அதை நம்ப ஒரு பைத்தியக்காரன் வேண்டும். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்து நோட்டை மூடினார்.

அவள் படிக்கிற காலேஜுக்கு ரெண்டு தரம் போனேன். பொய் என்னுடையது, படிப்பு அவளுடையது, பேப்பரைக் கொடுங்கள் படிக்கிறேன் என்று சொல்லப் போனேன். முதல் தரம் வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரெண்டாவது தரம் ஒரு டீச்சரம்மா காது கொடுத்துக் கேட்டார்கள். "மார்க்கெல்லாம் மேல போயிடுச்சும்மா. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் பெயிலாகிவிட்டாள். ஒரு மாசம் கழித்து ஒரு நாள் வந்தாள். உள்ளே வரவில்லை, ரோட்டோரத்திலேயே நின்றாள். சுடிதார் போட்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறாளாம். ஹாஸ்டல் உண்டாம். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாளாம்.

எனக்கு என்னென்னவோ சொல்ல இருந்தது. வாயில் வந்தது, "சாப்டியா?"

"சாப்டேம்மா."

"அந்தப் பசங்க மட்டும் கிளாஸ்ல நீ சொன்னதைக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தேன். பழியைத் தூக்கி அங்கே வைக்கப் பார்த்தேன், வேறென்ன.

"அவனுங்க சின்னப் பசங்கம்மா. நீங்களும்தான் நான் சொன்னதைக் கேக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொன்ன செபத்தையெல்லாம் அன்றைக்கே சொல்லி முடித்தேன். அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொன்னார். பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். செஞ்சியிலிருந்து தளவானூருக்குப் பஸ் இருக்கிறது. போர்டைப் படித்து ஏற எனக்கு யாரும் தேவையில்லை. புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ரெண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்துவிட்டேன். இந்த வயசு வரைக்கும் யாரிடமும் மன்னிப்பு என்று நின்றதில்லை. இனிமேல் நிற்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.