பெரிதாக்கிப் படித்த சனிக்கிரகம்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். எங்கள் இருவருக்கும் அந்த வயதிலேயே பிடித்த வானப் பைத்தியம் ஐம்பதை நெருங்கியும் விடவில்லை. பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களுக்கென்று வரும் மாத இதழுக்கு என் பேரில் சந்தா. நான் படித்ததும், எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் அவளுக்குக் கொடுத்துவிடுவேன். பக்க ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவாள்.

சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில் இதழிலிருந்து கடிதம் வந்தது. இனி அச்சுப் பிரதியா, மின்னிதழா, ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு வந்திருந்தாள்.

"போன்லயே வர்ற மாதிரி வாங்கேன்டி," என்றாள்.

"டவரே கிடைக்காத காட்டுல என்னத்தப் படிப்ப? தாள்ல படிக்கிற மாதிரி வருமா?" என்று சொல்லிவிட்டு, அச்சு என்றே எழுதி அனுப்பினேன்.

அதற்குப்பின் மூன்று இதழ்கள் ஒரு பென்சில் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தன. எனக்கு வருத்தம். அடுத்து அவள் வந்தபோது கேட்டே விட்டேன்.

"பிடிக்கலைன்னா சொல்லிரு. எதுக்கு வாங்கி வச்சிட்டு அப்படியே அனுப்புற?"

கடையில் நின்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பிடிக்காம இல்லடி. கண்ணு தெரியல. கண்ணாடி மாத்தியும் பாத்துட்டேன், பனி மூட்டமாவே இருக்கு. ஏலக்காயத் தடவித் தடவித்தான் பிரிக்கிறேன். தெரிஞ்சா சோலி போயிரும்னு யார்ட்டயும் சொல்லல."

ஏன் போனில் வேண்டும் என்கிறாய் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

இதழின் இணையதளத்தில் மாதிரிப் பிரதி ஒன்று இலவசமாக இருந்தது. அதை என் டேப்லட்டில் திறந்து, ஒவ்வொரு எழுத்தும் ஏலக்காய் அளவுக்கு வரும்வரை விரலால் விரித்துக் கொடுத்தேன். சனிக்கிரகத்தைப் பற்றிய கட்டுரை. மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள்.

"இந்தத் தடவ வளையம் கோடு மாதிரிதான் தெரியுமாம்டி!" என்று நிமிர்ந்தவளின் கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றே சந்தாவை மின்னிதழாக மாற்றச் சொல்லி எழுதினேன். மறுவாரம் தேனியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்புரைதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். எஸ்டேட் மேஸ்திரியிடம் அவள் பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னாளாம். "இத முதல்லயே சொல்றதுக்கென்னம்மா? போய்ப் பாத்துட்டு வெரசா வா," என்று அவர் லீவு கொடுத்துவிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. வேலையும் அப்படியே இருந்தது.

பார்வை தெளிந்ததும், "மறுபடி அச்சுக்கே மாத்திரவா?" என்று கேட்டேன்.

"வேணாம்டி. படத்தப் பெருசாக்கிப் பாத்துப் பழகிட்டேன். நட்சத்திர வரைபடம் மட்டும் தாள்ல எடுத்துக் குடு. வானம் பாக்கையில போன் வெளிச்சம் கண்ணக் கூசுது."

இப்போது ஞாயிறுதோறும் கடைக்கு வந்தால், புது இதழ் இருக்கிறதா பார்த்துப் போனில் இறக்கிக்கொள்கிறாள். நான் வரைபடத்தை மட்டும், மை வீணாகாமல் வெள்ளை வானத்தில் கறுப்பு நட்சத்திரங்களாக மாற்றி அச்செடுத்துத் தருகிறேன். அச்சு இதழ் இல்லாதது எனக்கு இன்னும் ஒரு குறைதான். அதை அவளிடம் சொல்லவில்லை.