வதனியின் ஒரே படம்

சுனாமி என் மகள் வதனியையும் அவளுடைய படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கூட மிஞ்சவில்லை. வெளிநாட்டிலிருக்கும் மச்சாள் தன் கணினியில் இருந்த ஒரே படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மட்டக்களப்பில் ஓர் இன்டர்நெட் கடையில் அதைப் பார்த்து அழுதேன். மின்னஞ்சல் கம்பனிக்காரன் பத்திரமாக வைத்திருப்பான், இனித் தண்ணீர் தொடாது என்று நம்பி, பிரதி எடுக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு மீண்டும் மூண்ட போரால் நெடுநாள் பட்டணம் போகமுடியவில்லை. எல்லாம் முடிந்து அதே கடைக்குப் போனபோது, நீண்டகாலம் திறக்காததால் கணக்கை நீக்கிவிட்டோம் என்று திரையில் வந்தது. கெஞ்சி எழுதினேன், இயந்திரம்தான் பதில் போட்டது. மச்சாளின் கணினியும் பழுதாகியிருந்தது. என் பிள்ளையை என்னைக் கேட்காமல் அழிக்க இவர்கள் யார்?

நான் அழுவதைக் கண்டு கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்க திறந்து பாத்த படம் எங்கட கம்ப்யூட்டர்லயே இறங்கிக் கிடக்கு. ஆக்கள் விட்டுட்டுப் போறத அழிக்கத்தான் வேணும், எனக்கு மனம் வரல்ல."

திரையில் வதனி சிரித்தாள்.

ஊரார் பார்க்கும் கணினியில் படத்தை விட்டுவந்த கவனக்குறைவுதான் அவளைத் திருப்பித் தந்தது. இப்போது எந்தப் படம் வந்தாலும் அன்றே அச்செடுத்துவிடுகிறேன். வதனியின் படம் ஒன்று என்னிடம். இன்னொன்று கடல் எட்டாத கரடியனாற்றில், என் அக்கா வீட்டில். கடவுச்சொல் கேட்காமல் இரண்டு வீட்டிலும் சிரிக்கிறாள்.