இன்ஸ்பெக்டர் வீட்டு உயரப் பலகை

என் வீட்டுக்காரர் மராத்திக்காரர்கள் ஊரான போசரியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் கடைந்து கொடுத்த உருப்படியை அளந்து பார்த்து, தேறாது என்று ஒதுக்கித் தள்ளுவதற்குச் சம்பளம். அந்தக் குணத்தைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் வைக்கும் சாம்பாரிலிருந்து என் அண்ணன் வரைக்கும் எல்லாமே அவர் பரிசோதனைக்கு உட்பட்டவைதான்.

எழுபதுகளின் கடைசியில் பக்கத்து ஊரான ஆகுர்டியில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். ஒரே மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கென்று ஒரு சின்ன அறை வாய்த்தது. அங்கே என்ன வைக்கலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். மேலதிகாரி வீட்டில் பிள்ளையின் உயரம் குறிக்க வெளிநாட்டுக் காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருந்ததாம். காகிதம் மழைக்காலத்தில் ஊறி நீளும், அதை நம்புகிறவன் மடையன், நான் மரத்தில் செய்கிறேன் பார் என்றார்.

மெஷின் வந்த பெட்டியிலிருந்து பைன் பலகை வந்தது. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. ஊர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும், எங்கள் வீட்டில் வியாழக்கிழமை இழைப்புளி கத்தும். கம்பெனி எஃகு ஸ்கேலை வைத்துக் கத்தியால் ஒவ்வொரு கோடாகக் கீறினார். கீறிய கோட்டையே பூதக்கண்ணாடியில் பார்த்தார். அடி எண்கள் சிவப்பு எனாமலில். பலகை ஆறடி. குழந்தைக்கு எதற்கு ஆறடி என்று கேட்டேன். எனக்குத் தொலைநோக்கு இல்லை என்று பதில் வந்தது. மாட்டும்போது தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் கட்டினார். கோயில் கொடிமரத்துக்குக்கூட இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது.

அதோடு நின்றிருந்தால் தேவலை. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கடிதம் போட்டு அவர்கள் பிள்ளைகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி, அதையும் பலகையின் ஓரத்தில் குறித்தார். பிள்ளைகளையும் ஒப்பிட்டுத்தானே தரம் பிரிக்க வேண்டும்! திருச்சியில் இருந்த என் அண்ணன் மகனுக்கு எங்கள் மகளின் வயதுதான். அவன் கோடு எங்கேயோ மேலே இருந்தது. எங்கள் பெண் எல்லோருக்கும் கீழே.

அவ்வளவுதான், வீடே ஆஸ்பத்திரி ஆயிற்று. காலையில் மீன் எண்ணெய். சாயங்காலம் கதவு நிலையின் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டும். நான் வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரி, பிள்ளை என்ன தப்பு செய்தாள் என்று என்னிடம் கேட்டாள். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவளைப் பலகையில் சாய்த்து, தலையில் மூலைமட்டத்தை அழுத்தி, பென்சிலால் கோடு போட்டு, உச்சுக் கொட்டுவார். அந்த உச்சுக்கு முன்னாலேயே அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். புதன்கிழமை ராத்திரி அவளுக்குச் சோறு இறங்காது. குழந்தையை விடுங்கள் என்று நான் சொன்னால், அளவு பொய் சொல்லாது என்பார்.

அடுத்த மே மாத லீவில் என் அண்ணன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவிட்டதே பெரிய விஷயம். பையனைப் பலகையில் நிறுத்திவிட்டார் இன்ஸ்பெக்டர். புறப்படுமுன் அண்ணன் போட்ட கடிதத்தில் எழுதியிருந்ததைவிட மூன்று அங்குலம் குறைவு. இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன மச்சான், புள்ள உயரத்துலகூடவா கூட்டி எழுதுவீங்க?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே போய்ப் பலகையில் சாய்ந்து நின்றார். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அளந்த உயரம் ஐந்தடி ஏழு என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பலகை ஐந்தடி நாலு என்றது.

"நானும் பொய்தானா மாப்பிள்ளை?" என்றபடி அண்ணன் குனிந்து காலடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவரின் அடியில், தரையிலிருந்து மூன்று அங்குல உயரத்துக்கு மொசைக் பட்டை ஓடியது. பலகையின் பூஜ்யம் தரையில் இல்லை. அந்தப் பட்டையின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கோட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்த மகானுபாவர், பலகை எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு வருஷமாக என் பெண்ணிடமிருந்து மூன்று அங்குலத்தைத் திருடியிருந்தார்.

ஸ்கேலில் தப்பில்லை, அந்தப் பட்டையை ஒட்டிய காண்ட்ராக்டர்தான் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணனிடமும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மீசையில் மண் ஒட்டிவிடுமே.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு வந்த வியாழக்கிழமை, பட்டை இருந்த இடத்தை உளியால் கொத்திப் பலகையைத் தரைவரை இறக்கினார். ஓரத்துக் கோடுகளில் எங்கள் பெண்ணுக்குக் கீழே இப்போது இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் குரலில் கொஞ்சம் குழைவைக் கேட்டேன். வாம்மா, இன்னைக்குப் பாரு, நீ நல்ல உயரம் என்று கூப்பிட்டார்.

அவள் வந்தாள். குதிகாலைச் சுவரில் ஒட்டி, முதுகை நிமிர்த்தி, எப்போதும்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எவ்வளவுன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா," என்றாள்.

மூலைமட்டம் அவர் கையிலேயே நின்றது. நான் திருப்புளியை எடுத்து வந்து, அவளை நகரச் சொல்லிவிட்டு, மேல் ஸ்குருவிலிருந்து கழற்ற ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை.