ஒட்டுப் போட்ட தும்பிக்கை

எங்கள் வீட்டு ஜன்னல் ஓரத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். ஒரு சாண் உயரம், சுட்ட மண். தும்பிக்கையின் நடுவில் ஒரு ஒட்டு. உடைந்த சாமியை வீட்டில் வைக்கலாமா என்று பெங்களூரில் எங்கள் நீலசந்திராவில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. வைப்பேன். அவர் உடைந்தது என்னால். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், அதனால் மெதுவாகத்தான் சொல்லுவேன்.

இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் வழியாகச் சாமான் விற்பது புதிதாக வந்த நேரம். பொம்மனஹள்ளியில் ஒரு மேடம் தன் வீட்டுக் கார் ஷெட்டில் மண் பொம்மையும் விளக்கும் பீங்கானும் அடுக்கி வைத்து அப்படி விற்றார். கன்னடக்காரர், என்னைவிட இளையவர். எனக்கு ஒரு நாற்காலி போடாமல் அவர் டீ குடித்ததில்லை. பேக்கிங் என் வேலை. அதற்கு முன்னால் பல்பு கம்பெனியில் பல வருஷம் பேக்கிங் பார்த்தவள் நான். என் கை கட்டிய பெட்டி உடையாது என்று யாரிடமும் சொல்வேன். மேடமும் அதை அப்படியே நம்பினார்.

சாமி பொம்மைக்கு அவர் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். முகத்தோடு சேர்த்து இரண்டு சுற்றுப் பேப்பர், அதன்மேல் குமிழ் பிளாஸ்டிக், பிறகு குப்புறப் படுக்க வைக்க வேண்டும். கிருஷ்ணர், லட்சுமி என்று எல்லாருக்கும் எனக்குக் கை வந்தது. பிள்ளையாருக்கு மட்டும் வரவில்லை. நான் தினமும் கும்பிடுகிற முகம். மூக்கையும் வாயையும் அடைத்துக் குப்புறப் போட எனக்கு மனசு இல்லை. கழுத்து வரைக்கும் இறுக்கிச் சுற்றி, முகத்தைத் திறந்து விட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து மூடிவிடுவேன். பல பிள்ளையார்கள் அப்படியே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

பூனாவில் ஒரு வாத்தியார் புது வீட்டுக்குக் குடிபோவதற்காக ஒன்று வாங்கினார். சொந்தக்காரர்கள் முன்னால் பெட்டியைத் திறந்தால் தும்பிக்கை துண்டாகக் கிடந்ததாம். அவருடைய அம்மா அழுதுவிட்டாராம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாத்தியார் எழுதியிருந்தார். மேடம் என்னிடம், நான் சொன்ன மாதிரிதானே கட்டினீங்க அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேட்ட உடனே வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு, எங்கள் பேக்கிங்கில் குறையில்லை என்று மேடம் பதில் எழுதினார். நான் பொய்யனா என்று வாத்தியார் திரும்ப எழுதினார். வழக்கு அந்தக் கம்ப்யூட்டர் சந்தையை நடத்துகிறவர்களிடம் போனது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே உடைந்த சாமான்களால் மேடத்தின் பேரில் இரண்டு புகார் நின்றது. மூன்றாவதிலும் தோற்றால் கடையை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

வாத்தியார் பெட்டியைத் திறந்ததும் எடுத்த போட்டோ வந்தது. சலூனில் துணி போர்த்தி உட்கார்ந்தவர் மாதிரி பிள்ளையார் கழுத்து வரைக்கும் பேப்பரோடு இருந்தார், மூக்கில்லாமல். மேடம் முகத்தில் வெளிச்சம். "பாருங்க அக்கா, முகத்துப் பேப்பரை அவரே கிழிச்சு உடைச்சிட்டு நம்ம மேல போடறார். இனி நாம ஜெயிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். விரல் தடதடவென்று ஓடியது. நான் சும்மா நின்றிருந்தால் போதும், கடை நிற்கும், என் பேரும் நிற்கும். பூனாவில் யாரோ ஒருவர் பொய்யனாகப் போவார், அவ்வளவுதான்.

"எழுதாதீங்க மேடம். அவர் கிழிக்கலை. நான் மூடவே இல்லை."

விரல் நின்றது. ஏன் என்று கேட்டார். மூச்சு முட்டும் என்று நினைத்தேன் என்றேன். அதைச் சொல்லும்போது இருந்த வெட்கம் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இருந்ததில்லை. மேடம் எழுதியதை எல்லாம் அழித்தார். "பர்வாகில்லா அக்கா" என்று, பரவாயில்லை என்பதைக் கன்னடத்தில் சொன்னார். மூச்சு முட்டும் என்று நான் நினைத்தது உட்பட நடந்ததை நடந்தபடி வாத்தியாருக்கு எழுதி, மன்னிப்புக் கேட்டு, பணத்தையும் அனுப்பினார். என்னைப் போகச் சொல்லவில்லை.

வாத்தியார் புகாரை எடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து, உடைந்த சாமானை வாங்கினவர் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முறைப்படி பெட்டி வந்தது. நானே பிரித்தேன். உடைந்த துண்டு ஒரு மஞ்சள் துணியில் தனியாக இருந்தது. பிள்ளையாரைக் கழுத்து வரைக்கும் சுற்றி, முகத்தைத் திறந்து விட்டு, நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார் அந்த மனுஷன். மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேடம் உள்ளே போய் டீ குடிக்கிற காகிதக் கப் ஒன்றை எடுத்து வந்து, அடியில் இரண்டு ஓட்டை போட்டு, பிள்ளையார் முகத்தின் மேல் கவிழ்த்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் பிள்ளையார் எல்லாம் கப்போடுதான் போனார்கள். உடைந்தவரை நான் கேட்டு வாங்கி, தும்பிக்கையை ஒட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

கடையை மூடி மேடம் வெளிநாடு போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது என் மகள் போனில் வாங்குகிற சாமான் உடைந்து வந்தால் ஒரு பொத்தானை அழுத்துகிறாள், பணம் வந்துவிடுகிறது. யார் கட்டினார்கள், ஏன் உடைந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜன்னலைத் துடைக்கும்போது பிள்ளையாரையும் துடைக்கிறேன். முகத்தில் மட்டும் துணி படாது. அங்கே வாயால் ஊதித்தான் தூசி எடுக்கிறேன்.